வாசலில் செருப்பைக் கழற்றத் தயங்குகிறவருக்கு

கேள்வி: எனக்கு வயது 56. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். ஷிப்ட் முழுக்க சேஃப்டி ஷூதான். ஏழெட்டு வருடமாக இரண்டு கால் கட்டைவிரல் நகமும் மஞ்சளாகித் தடித்துக் கிடக்கின்றன. இப்போது இடது கால் சுண்டுவிரலுக்கும் வந்துவிட்டது. வெட்டினால் மாவு போல உதிர்கிறது. வலி இல்லை. என் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் டியூப் வாங்கிப் பூசிப் பார்த்தேன், பலனில்லை. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இப்படி இல்லை. “காலைச் சுத்தமா வச்சுக்கிட்டா இதெல்லாம் வருமா?” என்று உறவினர் ஒருவர் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். இன்னும் நாலு மாதத்தில், தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பாத பூஜைக்குக் காலைத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும் என்பதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. என் மனைவிக்கு வலது கை விரல் ஒன்றில் நகத்தைச் சுற்றி வீங்கி, நகமும் நிறம் மாறி வருகிறது. என்னிடமிருந்து ஒட்டியதா? மகளுக்கும் வருமா? இது அபூர்வமான வியாதியா? யாருக்கெல்லாம் வரும்?

பதில்: தெருவில் வேறு யாருக்கும் இல்லை என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். தெருவில் யாருடைய கால் விரலையாவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் மறைக்கிற மாதிரிதானே அவர்களும் மறைப்பார்கள். முடி கொட்டுகிறது என்று ஒருவர் என் அறைக்கு வருவார். தலையைக் குனிந்து காட்டுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே கால் இரண்டும் மெதுவாக நாற்காலிக்கு அடியில் போய்விடும், ஒரு கால் விரல்மேல் இன்னொரு கால் ஏறிக்கொள்ளும். “அதையும் காட்டுங்களேன்” என்றால், “அது ஒண்ணுமில்ல டாக்டர், ரொம்ப நாளா இருக்கு” என்பார். ரொம்ப நாளாக இருப்பவர்கள் ரொம்பப் பேர் இருக்கிறார்கள்.

நம் பக்கம் நகச்சொத்தை என்று சொல்வது பெரும்பாலும் நகத்தில் வரும் பூஞ்சைத் தொற்றைத்தான். நகம் சம்பந்தமாக வருகிற நோய்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் ஏறக்குறைய பாதி இதுதான். அபூர்வ வியாதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால், அது எண்ணியவர் எப்படி எண்ணினார் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 1992இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், மக்களிடம் படங்களைக் காட்டி “உங்கள் நகம் இப்படி இருக்கிறதா?” என்று கேட்டார்கள். பெரியவர்களில் 2.7 சதவீதம் பேர் தேறினார்கள். பின்லாந்தில் 1995இல் வெளியான ஆய்வில், நகத்தைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தே முடிவு செய்தார்கள். அங்கே 8.4 சதவீதம். ஆண்களை மட்டும் பார்த்தால் 13 சதவீதம், பெண்களில் 4.3. இந்த இடைவெளிக்குத் தட்பவெப்பம், ஷூ என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் தன் காலைப் பற்றித் தானே சொல்வதும், இன்னொருவர் குனிந்து பார்ப்பதும் ஒரே அளவுகோல் இல்லையே. பிற்பாடு ஐரோப்பிய, வட அமெரிக்க ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்கள், பொதுமக்களிடம் நடந்த ஆய்வுகளில் சராசரி 4.3 சதவீதம், மருத்துவமனைகளில் நடந்தவற்றில் 8.9 சதவீதம் என்று காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

இந்தியாவுக்குச் சொல்லப்படும் எண்கள் அரை சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரை போகின்றன. உங்கள் தெருவில் பெரியவர்கள் 150 பேர் என்று வைத்துக்கொண்டால், உங்களோடு சேர்த்து ஒருவராகவும் இருக்கலாம், ஏழு பேராகவும் இருக்கலாம். என் அனுபவத்தில் ஏழு என்பதே நிஜத்துக்குப் பக்கம். வலியில்லாத நகத்துக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் யார் நிற்கிறார்கள்? வராதவர் கணக்கில் ஏற மாட்டார்.

சராசரியைவிட வயது கணக்கு முக்கியம். 1997இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து வந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நோயாளிகளிடம் சொல்வதுண்டு. வேறு ஏதோ தோல் பிரச்சினைக்காக கிளினிக்குக்கு வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரின் நகங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் 8.7 சதவீதம் பேருக்குப் பூஞ்சை இருந்தது. 19 வயதுக்கு உட்பட்டவர்களில் அது 0.7 சதவீதம்தான். 60 தாண்டியவர்களில் 28.1 சதவீதம். அதாவது நாலில் ஒருவருக்கு மேல். அவர்கள் யாரும் நகத்தைக் காட்ட வந்தவர்கள் இல்லை.

வயது ஏன் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்றால், முதல் காரணம் நகம் வளரும் வேகம். பூஞ்சை நகத்தின் நுனியிலோ ஓரத்திலோ நுழைந்து, நகத்துக்கு அடியில் உள்நோக்கி ஊர்ந்து போகும். நகமோ உள்ளிருந்து வெளியே வளர்ந்து வரும். ஓடுகிற எஸ்கலேட்டரில் எதிர்த்திசையில் ஏறுகிற கதைதான். குழந்தைகளுக்கு எஸ்கலேட்டர் வேகமாக ஓடும், பூஞ்சையால் ஏற முடியாது. கை விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கால் நகம் அதில் பாதிக்கு மேல் இல்லை, ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். வயதாக ஆக, காலுக்கு ரத்த ஓட்டம் குறையக் குறைய, அதுவும் மந்தமாகிவிடும். கை நகத்தைவிடக் கால் நகத்துக்கு இந்தத் தொற்று பல மடங்கு அதிகமாக வருவதற்கு இது ஒரு காரணம். அப்புறம், ஐம்பது வருடமாக அந்த நகம் வாங்கிய இடிகள் இருக்கின்றன. கதவு, கட்டில் கால், இறுக்கமான ஷூ எல்லாம் சேர்ந்து நகத்துக்கும் சதைக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளிகளை உண்டாக்கி வைத்திருக்கும். பூஞ்சைக்கு அதுதான் வாசல். போதாததற்கு, வயதானவர்களுக்குக் குனிந்து நகம் வெட்டுவதே பெரும்பாடு.

அடுத்தது சர்க்கரை. நீங்கள் சுகர் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 56 வயதில், நகம் இப்படி இருக்கும் ஒருவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நகப் பூஞ்சை இருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இரண்டையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நகம் தடித்து ஷூவுக்குள் அழுத்தும். காலில் உணர்ச்சி மங்கியவருக்கு அது தெரியாது. அழுத்திய இடம் புண்ணாகும். கால் புண் சர்க்கரைக்காரரை எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் அழகுப் பிரச்சினை. சர்க்கரைக்காரர்களுக்கு அப்படி இல்லை.

காலில் ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், சோரியாசிஸ் (தோல் செதில் செதிலாக உரியும் நோய்) உள்ளவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இவர்களுக்கெல்லாமும் வாய்ப்பு கூடுதல். ஓட்டப்பந்தயக்காரர்கள், நீச்சல் குளமே கதி என்று இருப்பவர்கள், பூட்ஸ் போடும் ராணுவத்தார், போலீஸார் என்று திடகாத்திரமானவர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஷூ விஷயத்துக்கு வருவோம். இதில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. நகப் பூஞ்சையில் முதல் குற்றவாளி டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் அப்போது கொழும்பில் வேலை பார்த்தார். அவர்தான் 1910இல் இதைப் பற்றி விவரித்து எழுதினார். அதுவும் நகத்தில் கண்டதாக இல்லை, தொடை இடுக்கில் வரும் படையில். தென்கிழக்கு ஆசியா, மேற்கு ஆப்பிரிக்கா போன்ற வெப்பப் பகுதிகளே இதன் பூர்வீகம் என்று கருதுகிறார்கள். அங்கே மக்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். பூஞ்சை உடம்பில் படர்தாமரையாக வந்ததே தவிர, காலில் குடியேற அதற்கு வசதியில்லை. பிறகு குடியேற்றம், கப்பல், உலகப் போர்கள் என்று அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணப்பட்டது. அங்கே அதற்கு இருட்டாக, ஈரமாக, கதகதப்பாக ஒரு வீடு தயாராக இருந்தது. மூடிய ஷூ. இருபதாம் நூற்றாண்டில் கால் விரல் இடுக்கும் நகமும் அதன் நிரந்தர முகவரி ஆகிவிட்டன. இப்போது நாமும் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபேக்டரி வரை ஷூ போடுகிறோம். ஊரைவிட்டுப் போன பூஞ்சை, அந்த ஷூ வீட்டோடு திரும்பி வந்துவிட்டது.

உங்கள் மில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நூல் அறாமல் இருக்க உள்ளே ஈரப்பதத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். சூடும் உண்டு. அதில் எட்டு மணி நேரம், முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த ஷூ. அந்தத் தகடு கல் விழுந்தால் விரலைக் காப்பாற்றும், ஆனால் நடக்கும்போதெல்லாம் கட்டைவிரல் நகத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். சாக்ஸ் மதியத்துக்குள் நனைந்திருக்கும். உங்கள் நகத்துக்கு இது வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஷூ போடாதே என்று நான் சொல்ல மாட்டேன், விரல் போனால் நகத்தை எங்கே வைப்பது?

அந்த உறவினர் சொன்ன “சுத்தம்” பற்றி. அவர் சொன்னது தப்பு. மூன்று வேளை கால் கழுவுகிற, பூஜை அறைக்குக் குளிக்காமல் போகாத எத்தனையோ பேருக்கு நான் இதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். பூஞ்சைக்கு வேண்டியது அழுக்கு இல்லை, ஈரம். கழுவிவிட்டு விரல் இடுக்கைத் துடைக்காமல் சாக்ஸை மாட்டினால் கழுவாமல் இருந்திருந்தாலே புண்ணியம். நகத்தை விடுங்கள், விரல் இடுக்கைப் பாருங்கள். நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, சாயங்காலம் அரிக்கிறதா? அது சேற்றுப்புண். நகப் பூஞ்சை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. நகத்துக்கு மட்டும் வைத்தியம் செய்து, இதை விட்டுவைத்தால் ஆறு மாதத்தில் மறுபடி என்னிடம் வருவீர்கள்.

அப்பாவுக்கும் இருந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். இந்தத் தொற்றுக்குக் குடும்பவாகு உண்டு. பூஞ்சை பரம்பரையாக வருவதில்லை, அதற்கு இடம் கொடுக்கும் உடல்வாகு வருகிறது. டிரைக்கோபைட்டான் ரூப்ரம் விஷயத்தில், ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ரத்த சொந்தங்களுக்கு வருவதும், அதே வீட்டில் அதே குளியலறையைப் பல வருடம் பயன்படுத்தும் கணவனுக்கோ மனைவிக்கோ வராமல் இருப்பதும் கவனித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஒட்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஒட்டும், ஆனால் படர்தாமரை மாதிரி சட்டென்று ஒட்டாது. மனைவியைவிட மகளைப் பற்றித்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். அதுவும் இப்போதைக்கு இல்லை, அவளுக்கு நாற்பது, ஐம்பது ஆகும்போது. இன்றைக்கு நகவெட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கால் மிதியடியை வாரம் ஒருமுறை வெயிலில் காயப் போடுங்கள், போதும். கல்யாணப் பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம்.

உங்கள் மனைவியின் விரல் வேறு கதை என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நகத்தைச் சுற்றிய சதை வீங்கி, நகம் பிறகு நிறம் மாறுவது நாள்பட்ட நகச்சுற்றின் வழக்கமான போக்கு. பாத்திரம், துணி, மாவு, காய்கறி என்று கை எந்நேரமும் ஈரத்தில் கிடப்பவர்களுக்கு வரும். ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர்கள், மீன் கடைக்காரர்கள், சலூன்காரர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று என் ஓ.பி.யில் இதற்கு ஒரு நிரந்தரக் கூட்டம் உண்டு. நகம் தொடங்கும் இடத்தில் சதையோடு ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் ஊறிப் பிய்ந்துவிடும். அந்தச் சந்தில் சோப்பு போகும், ஈரம் தங்கும், கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் வந்து சேர்ந்துகொள்ளும். கால் நகத்தில் உங்களுக்கு இருப்பதாக நான் நினைக்கும் பூஞ்சை வேறு. நம் நாட்டு ஆஸ்பத்திரி ஆய்வுகளில் கை நகத் தொற்று கணிசமாக வருவதற்கு இந்த ஈர வேலையும் ஒரு காரணம். இதற்கு மாத்திரையைவிட முக்கியம் கையைக் காய வைப்பது. பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை. ஒரு மாதம் பாத்திரத்தை நீங்கள் தேய்த்தால் இன்னும் நல்லது.

இனி ஒரு எச்சரிக்கை. நகக் கோளாறில் பாதி பூஞ்சை என்றேன். அப்படியானால் மீதிப் பாதி? சோரியாசிஸ் நகத்தைத் தடிக்க வைக்கும், மஞ்சளாக்கும், சதையிலிருந்து பிரித்தெடுக்கும். அப்படியே பூஞ்சை மாதிரியே இருக்கும். இறுக்கமான ஷூவில் வருடக்கணக்காக இடிபட்ட நகமும் அப்படித்தான். என் ஆரம்ப காலத்தில் ஒரு பெண்மணிக்கு, பார்த்த மாத்திரத்தில் “பூஞ்சைதான்” என்று சொல்லி மூன்று மாதம் மாத்திரை கொடுத்தேன். நகம் அப்படியே இருந்தது. நாலாவது மாதம் அவர் முழங்கையைத் தற்செயலாக மேசைமேல் வைத்தபோதுதான் அங்கே செதில் செதிலாக இருந்ததைப் பார்த்தேன். சோரியாசிஸ். மாத்திரையும் வீண், மூன்று மாத ரத்தப் பரிசோதனையும் வீண். அன்றிலிருந்து நகத்தைச் சோதிக்காமல் மாத்திரை எழுதுவதில்லை.

சோதனை ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. நகத்தை நன்றாக ஒட்ட வெட்டி, அடியிலிருக்கும் மாவைச் சுரண்டி எடுப்போம். நீங்கள் உதிர்கிறது என்கிறீர்களே, அதே மாவுதான். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இரண்டு சொட்டு விட்டால், நகத்துணுக்கு ஊறிக் கரைந்து கண்ணாடி போல ஆகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தத் தெளிவுக்கு நடுவே மெல்லிய இழைகள் ஓடும், கிளை பிரிந்து, கணு கணுவாக. உங்கள் மில்லில் பஞ்சிலிருந்து நூல் பிரியும்போது பார்ப்பீர்களே, கிட்டத்தட்ட அப்படி. முதல் தடவை பார்க்கிற மாணவர்கள் அதை எங்கேயோ ஒட்டிய பருத்தி இழையோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. கல்ச்சருக்கும் (பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பலாம், முடிவு வர மூன்று, நாலு வாரம் ஆகும், பூஞ்சை இருந்தும் இல்லை என்று வருவதும் சகஜம். வெட்டிய நகத்தை பி.ஏ.எஸ். என்ற சாயம் போட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. போவதற்குச் சில வாரம் முன்பே டியூப் பூசுவதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பதுங்கிக்கொள்ளும். நிறத்தை மறைக்க மருதாணி போட்டுக்கொண்டும் போகாதீர்கள்.

நகத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ நீளவாக்கில் ஒரு கோடு புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனால் அதைச் சொத்தை என்று விட்டுவிடக் கூடாது. அது அபூர்வமாகத் தோல் புற்றாகவும் இருக்கலாம். இதை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

டியூப் ஏன் வேலை செய்யவில்லை என்றால், களிம்பு அவ்வளவு கெட்டியான நகத்தைத் தாண்டிப் போகாது. அது என்ன டியூப் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து என்று மூன்று, நாலைக் கலந்து விற்கும் கதம்பக் களிம்பாக இருந்தால் குப்பையில் போடுங்கள். நாட்டில் இன்று படர்தாமரை அடங்காமல் திரிவதில் அந்தக் கதம்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பூஞ்சை என்று உறுதியானால் வழக்கமான மருந்து டெர்பினாஃபின் மாத்திரை. தினம் 250 மில்லிகிராம், கை நகத்துக்கு ஆறு வாரம், கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம். தொடங்குவதற்கு முன் கல்லீரல் பரிசோதனை ஒன்று செய்வோம். இட்ரகோனசோல் இன்னொரு மருந்து. இதயம் பலவீனமாக உள்ளவர்களுக்கு அது ஆகாது, கொழுப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. எனவே நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நெயில் பாலிஷ் போலப் பூசும் மருந்துகளும் உண்டு. ஒரு நகத்தின் நுனியில் மட்டும் இருப்பவர்களுக்கு அது சரி. உங்களுக்கு மூன்று நகம், ஏழெட்டு வருடம். பூச்சு மட்டும் போதாது என்றே நினைக்கிறேன்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று. முழு மருந்தும் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போய்விடும். ஆனால் நகம் பழையபடி வழவழவென்று முழுசாகத் திரும்புவது பத்தில் நாலு பேருக்குத்தான். பத்து வருடம் மடங்கிக் கிடந்த நகம், பூஞ்சை போன பிறகும் அந்த வடிவத்தை விட மறுக்கும். குணமானவர்களிலும் ஒரு பகுதியினருக்குத் திரும்ப வருகிறது. அதே ஷூ, அதே விரல் இடுக்கு, அதே உடல்வாகு இருக்கும்போது அது ஆச்சரியமில்லை. அதனால்தான் ஷூ இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒன்று மாற்றி ஒன்று போடச் சொல்வது, ஒன்று காயும்போது மற்றது வேலைக்குப் போகும். மதிய இடைவேளையில் சாக்ஸ் மாற்றுங்கள். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் வைக்க இடம் இல்லாமலா போய்விடும்?

சரி, கல்யாணம். தைக்குள் நகம் சரியாகாது. கட்டைவிரல் நகம் முழுக்கப் புதிதாக வளர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். எவ்வளவு நல்ல மருந்தும் அந்த வேகத்தை மாற்றாது. நாலு மாதத்தில் என்ன தெரியும் என்றால், நகம் தொடங்கும் இடத்தில் நாலைந்து மில்லிமீட்டருக்குச் சுத்தமான புது நகம் முளைத்து, பழைய மஞ்சளை முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். “மாத்திரை சாப்பிட்டும் நகம் மாறவில்லை” என்று இரண்டாவது மாதமே நிறுத்திவிடுகிறவர்கள் இந்தக் கணக்கை அறியாதவர்கள்.

ஆனால் பார்வைக்கு அதற்குள் நிறையச் செய்யலாம். 40 சதவீத யூரியா களிம்பு என்று கேட்டால் கிடைக்கும். டாக்டர் சொல்படி இரவில் நகத்தின் மீது மட்டும் வைத்து மூடிவிட்டால் நகம் இளகும். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மேடு குறைக்கலாம். ஃபிட்டருக்கு அரம் பிடிக்க நான் சொல்லித் தர வேண்டியதில்லை, இரும்புக்குப் பிடிப்பதில் பத்தில் ஒரு பங்கு பலம் போதும். ஒரே நிபந்தனை, முதலில் சுகரைப் பாருங்கள். சுகர் இருந்து காலில் மரப்பும் இருந்தால் இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது, ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளுங்கள்.

பாத பூஜையில் எப்படியும் காலைக் கழுவி மஞ்சள் பூசித்தான் குங்குமம் வைப்பார்கள். எது பூஜை மஞ்சள், எது நக மஞ்சள் என்று போட்டோகிராபருக்குப் புரியப் போவதில்லை. கழுவியதும் மகளையே ஒரு துண்டால் விரல் இடுக்கைத் துடைத்துவிடச் சொல்லுங்கள்.